பெயரைச் சொல்லிக் கேட்ட பக்கம்

“கதவைச் சாத்திப்போட்டு இரும்,” என்றார் கனகரட்ணம்.

கோபிகா கதவைச் சாத்தினாள். இருக்கச் சொன்ன கதிரையில் அவருடைய மழைக்கோட்டு ஈரத்தோடு கிடந்தது. எடுத்து வைக்கலாமா என்று அவள் கை நீட்டவும், “பரவாயில்லை, நிண்டுகொண்டே கேளும்,” என்று பேச்சை மாற்றினார்.

அந்த ஒரு வசனத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. இது வேலை சொல்லக் கூப்பிட்ட கூப்பிடல் இல்லை.

“சூரிச் மாப்பிள்ளையின்ரை தாய் லண்டனுக்குப் போன் எடுத்து றஞ்சித்துக்கு ஏசியிருக்கிறா. எங்கடை தளத்திலை மட்டும் குடுத்த நம்பராம். புறோக்கர் தம்பிஐயா அந்த நம்பருக்கு எடுத்து, பொம்பிளை பாத்து, சாதகம் வரைக்கும் கதைச்சு முடிச்சிட்டானாம். இது முதல்தரமும் இல்லை. என்ன சொல்லுறீர்?”

“நான் என்ன சொல்ல, சேர்?”

“நம்பரை வைச்சிருக்கிற அந்தப் போஞ்சியை எழுதினது நீர்தானே?”

அவர் சொன்னது பீன். ஜாவாவில் நிரல் எழுதுகிறவர்கள், தரவைத் தாங்கி நிற்கும் துண்டை அப்படித்தான் அழைப்பார்கள். கனகரட்ணம் அதைக் கறிக்குப் போடும் போஞ்சி ஆக்கி இரண்டு வருடமாகிறது. வழக்கமாக அதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார். இன்றைக்குச் சிரிக்கவில்லை.

“ஓம், நான்தான்.”

“அப்ப வேறை ஆரைப் போய்க் கேட்கிறது? வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு றஞ்சித் ஸூமிலை வாறான். அதுக்கு முதல் நீரா ஒத்துக்கொண்டால், சத்தமில்லாமல் வெளிக்கிடலாம். இல்லாட்டி அவனுக்கு முன்னாலை நான் சொல்லுவன். பொலிசிலையும் முறைப்பாடு எழுதுவன். குடும்பங்களின்ரை நம்பரை வித்த பெட்டை எண்டு ஒருக்கால் கதை போனால், யாழ்ப்பாணத்திலை ஒரு கந்தோரும் உம்மை வாசலுக்கு எடாது. யோசியும்.”

யோசிக்க அவளுக்கு இரண்டு நாள்கூட முழுதாக இருக்கவில்லை.

உரும்பிராய்ச் சந்திக்குக் கிட்ட, இரும்புக்கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது அந்தக் கந்தோர். கலியாணப் பொருத்தம் பார்க்கும் இணையத்தளம். பாதிப் பங்கு கனகரட்ணத்துடையது, மற்றப் பாதி லண்டனில் இருக்கும் றஞ்சித்துடையது. வேலை, ஊர், நட்சத்திரம் எல்லாம் தளத்தில் தெரியும். தொலைபேசி இலக்கம் மட்டும் தெரியாது. குடும்பங்கள் தாங்களே அதைப் பதிவார்கள். இரண்டு பக்கமும் சம்மதம் சொன்னபிறகுதான் தளம் அதைத் திறந்து காட்டும். அதுவரை கந்தோரில் இருக்கிற எவர் கண்ணிலும் அது படக்கூடாது என்பது றஞ்சித் போட்ட சட்டம். தொழிலே அந்த ஒரு பூட்டில்தான் தொங்கியது.

பூட்டு உடைந்திருந்தது. உடைத்தவள் என்ற பெயர் கோபிகாவின் கழுத்தில் விழப் பார்த்தது.

வெளியே வந்தபோது ஜெயரூபன் திரையில் இருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான். “என்ன ஊசிக்காரி, உமக்கே ஊசி போட்டிட்டாரோ?”

தளத்தின் பக்கங்களை வடிவமைப்பவன் அவன். உள்ளே ஓடும் நிரல்களை எழுதுபவள் அவள். ஒரு துண்டுக்கு வேண்டியதை அது தானே தேடிப் போகாமல், தளத்தை ஓட்டும் சட்டகமே எடுத்து வந்து அதற்குள் செலுத்திவிடும் முறையில் அவள் எழுதினாள். இன்ஜெக்ஷன் என்று அவள் முதல்நாள் விளக்கியதிலிருந்து அவனுக்கு அவள் ஊசிக்காரி.

“உங்கடை றோல்ஸ் ஆறப்போகுது, அண்ணை. அதைப் பாருங்கோ,” என்றாள் அவள்.

“நான் என்ரை றோல்ஸைப் பாக்கிறன். நீர் உம்மடை சட்டி பெட்டியைக் கட்டுறதைப் பாரும்.”

அவள் தன் மேசையில் வந்து இருந்தாள். விசைப்பலகையை இழுத்து, தான் எழுதிய நிரலைத் திறந்தாள்.

குடும்ப விவரங்களைத் தாங்கிய அந்தப் பீனுக்கு அவள் முதலில் பெயரே வைக்கவில்லை. பெயர் இல்லாதவரை அது உள்வீட்டுப் பிள்ளை. நிரலின் மற்றத் துண்டுகளுக்குள் செலுத்தலாம், ஆனால் வெளியே தெரியும் பக்கம் எதுவும் அதைக் கூப்பிட முடியாது. கூப்பிட வேண்டுமென்றால் தலையில் ஒரு பெயரைக் குறித்துவிட வேண்டும். குறித்துவிட்டால் முடிந்தது. எந்தப் பக்கமும் எக்ஸ்பிரஷன் என்கிற ஒரு சின்னக் கோவையில் அந்தப் பெயரை எழுதி, ஒரு புள்ளி வைத்து, வேண்டியதைக் கேட்கலாம். சட்டகம் உடனே எடுத்துக் கொடுத்துவிடும். நீ ஆர், ஏன் கேட்கிறாய் என்று தானாக விசாரிக்கும் பழக்கம் அதற்கு இல்லை.

ஜெயரூபனுக்கு நாளுக்கொன்று தேவைப்பட்டது. இன்றைக்கு நட்சத்திரம், நாளைக்கு ஊர், மறுநாள் உயரம். ஒவ்வொன்றுக்கும் அவள் தனித்தனியே வழி செய்து கொடுத்தாள். போன வருடம் நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முந்திய கிழமை, வெளிநாட்டுச் சனம் வந்திறங்கித் தளம் மூச்சுத் திணறிய நேரத்தில், அவன் மேசையடியில் வந்து நின்று விரலால் தட்டினான். அவளுக்குப் பொறுமை அறுந்தது. முழுப் பீனுக்கும் குடும்பம் என்று பெயரைக் குறித்துவிட்டாள்.

“இந்தாங்கோ, முழுதும் கிடக்கு. வேண்டினதை எடுங்கோ. இனி என்னட்டை வராதேங்கோ.”

முழுதும் என்றால் இலக்கமும்தான். நெரிசல் முடிந்ததும் திருத்தலாம் என்று நினைத்தாள். அடுத்த நெரிசல் வந்தது.

இப்போது அவள் தளத்தின் எல்லாப் பக்கங்களுக்குள்ளும் அந்தப் பெயரைத் தேடவிட்டாள். தெரிந்த பக்கங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசியில் வந்ததை அவள் கண்டதே இல்லை.

எந்தப் பட்டியலில் இருந்தும் அதற்குப் போக வழியில்லை. முகவரி தெரிந்தவன் தட்டெழுதித்தான் திறக்கலாம். மற்றப் பக்கங்களில் இருக்கும் பூ இல்லை, மாலை இல்லை. வெறும் மூன்று நெடுவரிசை. பெயர், ஊர், தொலைபேசி. மூன்றாவது வரிசையில் அவள் பெயரிட்ட ‘குடும்பம்’ பீனைக் கூப்பிட்டு, புள்ளி வைத்து, இலக்கத்தைக் கேட்டிருந்தது அந்தக் கோவை.

யார் திறந்தார்கள் என்று பதிவைப் பார்த்தாள். ‘ஒபிஸ்’ என்று இருந்தது. கந்தோர் முழுக்க அந்த ஒரே பெயரிலும் ஒரே கடவுச்சொல்லிலும்தான் உள்நுழையும். ஆளுக்கொன்று வைப்போம் என்று அவள் கேட்டபோது கனகரட்ணம் மறித்திருந்தார். “நாங்கள் என்ன வங்கியோ நடத்துறம்? சும்மா இரும்.”

பெயர் இல்லாவிட்டால் என்ன. பக்கம் செய்யத் தெரிந்தவன் ஒருத்தன்தானே. அவள் ஜெயரூபனின் முதுகைப் பார்த்தாள். முதுகு நிம்மதியாக றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

இதைக் கொண்டுபோய்க் காட்டினால் என்ன நடக்கும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. பீனையும் எழுதினாய், பக்கத்தையும் நீயே செய்தாய் என்பார்கள். பக்கம் போதாது. பக்கத்தைத் திறக்கிற கை வேண்டும்.

வியாழக்கிழமை காலை கனகரட்ணம் நடுக்கூடத்தில் வந்து நின்றார். “புதுசா ஒண்டு வந்திருக்கு. பிள்ளை டொக்டர். ஊர் தெல்லிப்பழை, இருப்பு வெள்ளவத்தை. தாய் செல்வநாயகி. நான் ஊரிலை விசாரிச்சிட்டன், நல்ல சனம். உந்த நம்பரெண்டாலும் வெளியிலை போகாமல் பாருங்கோ.” கடைசி வசனத்தை அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

“பாக்கிறன், சேர்,” என்றாள் கோபிகா.

பொய்க் குடும்பம் ஒன்றைப் பதிந்து பொறி வைக்கலாமா என்று முதல்நாள் யோசித்திருந்தாள். சரிவராது. ஊரில் ஆள்விட்டு விசாரிக்காமல் கனகரட்ணம் ஒரு பதிவையும் ஏற்கமாட்டார். உண்மையான குடும்பமாக இருக்கவேண்டும், இலக்கம் மட்டும் பொய்யாக இருக்கவேண்டும். அதுவும் அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும். செல்வநாயகி அம்மா தன் பதிவைத் திறந்து பார்த்தால் அவருடைய சொந்த இலக்கம்தான் தெரியவேண்டும்.

அவளுக்கு இருந்த ஒரே அனுகூலம், பக்கம் பெயரை மட்டும் அறியும் என்பதுதான். பெயருக்குப் பின்னால் நிற்கிற ஆளை அது அறியாது.

பழைய பீனின் தலையில் இருந்த பெயரை அழித்தாள். புதிதாக ஒன்றை எழுதி, குடும்பம் என்ற பெயரை அதற்குச் சூட்டினாள். பழையதைப் புதியதின் வயிற்றுக்குள் செலுத்தினாள். இனி எந்தப் பக்கம் கேட்டாலும் புதியதுதான் வந்து நிற்கும். உள்ளே இருக்கும் பழையதைக் கேட்டு, சரியான பதிலைச் சொல்லும். அந்தக் களவுப் பக்கம் வந்து, தெல்லிப்பழைக் குடும்பத்தின் இலக்கத்தைக் கேட்டால் மட்டும் வேறொன்றைச் சொல்லும். அவளுடைய கைப்பையில் கிடந்த இரண்டாவது போனின் இலக்கத்தை.

ஜெயரூபன் எழும்பி வந்து அவள் திரையை எட்டிப் பார்த்தான். “போற நேரத்திலை என்ன புதுசா எழுதுறீர்?”

“போறன் எண்டு ஆர் சொன்னது?”

“சேரின்ரை மூஞ்சை சொல்லுது.”

“மூஞ்சை வாசிக்கத் தெரிஞ்சவர், முதல் கண்ணாடியைப் பாருங்கோ.”

“வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை,” என்று சொல்லிக்கொண்டே அவன் போனான்.

வெள்ளிக்கிழமை, தேநீர் நேரம் தாண்டி, கைப்பைக்குள் இருந்த போன் அதிர்ந்தது. கோபிகா பின்படிக்கட்டுக்கு ஓடினாள். கீழே இரும்புக்கடையில் தகரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கதவை இழுத்துச் சாத்தி, தொண்டையைச் செருமிக் குரலைத் தடிப்பாக்கினாள்.

“ஹலோ.”

“வணக்கம். தெல்லிப்பழை செல்வநாயகி அம்மாவோ? நான் தம்பிஐயா. கலியாண அலுவல் பாக்கிறனான். உங்கடை டொக்டர் பிள்ளைக்கு ஒரு நல்ல இடம் கையிலை கிடக்கு.”

“ஆர் சொல்லி எடுக்கிறியள்?”

கலியாணப் பேச்சோடு வருகிற எவனையும் யாழ்ப்பாணத்து வீடு முதலில் கேட்கும் கேள்வி அதுதான். இடையில் நிற்கும் ஆளின் பெயர் வராமல் பேச்சு முற்றத்தைத் தாண்டாது. மாப்பிள்ளை சந்திரனுக்குப் போய் வந்தவன் என்றாலும் சரி.

“ஊருக்குள்ளை கேள்விப்பட்டன், அம்மா.”

“கேள்விப்பட்டால் பேர் வரும். நம்பர் வராது.”

எதிர்ப்பக்கம் சிரித்தது. “கெட்டிக்காரி. அதை நேரிலை சொல்லுறனே.”

இன்னும் ஒரு நெருக்கு நெருக்கினால் கக்கிவிடுவான். ஆனால் கக்குவதைத் தகரச் சத்தமும் அவளும் மட்டும் கேட்டு என்ன பயன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“என்ரை அவர் வெளியிலை போயிட்டார். நாலு மணி தாண்ட எடுங்கோ. உங்களை விட்டது ஆர் எண்டு அவருக்குச் சொல்லவேணும். சொல்லாட்டி வைச்சுப்போடுவார். அவர் பொல்லாத ஆள்.”

“எடுக்கிறன், அம்மா. நான் சொல்லப்போற பேரைக் கேட்டால் உங்கடை அவர் எழும்பி நிண்டு கதைப்பார்.”

போன் அணைந்தது. கோபிகா படியிலேயே நின்றாள். அவன் கடைசியாகச் சொன்னது ஒன்றோடும் பொருந்தவில்லை. ஜெயரூபன் என்ற பெயருக்கு எழும்பி நிற்பது யார்? அவன் வீட்டு நாய்கூட எழும்பாது.

நாலு மணி. கனகரட்ணத்தின் அறைச் சுவரில் பெரிய திரை. அதில் றஞ்சித், ஒரு காருக்குள் இருந்தான். நாற்பது வயது, நித்திரை இல்லாத கண். கனகரட்ணம் மேசைக்குப் பின்னால். ஜெயரூபன் அலுமாரியில் சாய்ந்தபடி. மழைக்கோட்டு அன்றைக்கும் ஈரத்தோடு அந்தக் கதிரையில்தான் கிடந்தது. கோபிகாவை யாரும் இருக்கச் சொல்லவில்லை.

“எனக்கு நேரமில்லை,” என்றான் றஞ்சித். “ஆர் செய்தது?”

“நான் சொல்லவும் வேணுமே? முன்னாலை நிக்கிறா,” என்றார் கனகரட்ணம். குரலில் தேன் வடிந்தது. “சின்னப் பிள்ளை, ஏதோ ஆசை. நான் மன்னிக்கலாம் எண்டுதான் பாத்தன். ஒத்துக்கொள்ளுறா இல்லை.”

“நீர் என்ன சொல்லுறீர்?”

“நான் செய்யேல்லை, அண்ணை.”

“கள்ளர் எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம். நம்பர் உம்மடை நிரலுக்குள்ளாலைதானே போயிருக்கு?”

“ஓம்.”

“பிறகென்ன?”

“ஒரு பக்கம் இருக்கு. அது என்ரை பீனைப் பேர் சொல்லிக் கேட்டு நம்பரை எடுக்குது. அதை நான் செய்யேல்லை.”

ஜெயரூபன் மெல்ல நிமிர்ந்தான். அவள் அவனைப் பார்க்காமல் நேரத்தைப் பார்த்தாள். நாலு மணி தாண்டிவிட்டது. போன் செத்துக் கிடந்தது.

“பக்கமாம், பீனாம்,” என்றார் கனகரட்ணம். “விளங்காத கதை கதைச்சு ஆளைப் பேய்க்காட்டுறது. றஞ்சித், உமக்கு நேரமில்லை. எனக்கும் இல்லை. பிள்ளை, கணினியை அங்கை வைச்சிட்டு வெளிக்கிடும். பொலிஸ் அலுவலை நான் பாக்கிறன்.”

“இன்னும் கொஞ்ச நேரம் தாங்கோ.”

“என்னத்துக்கு? இன்னும் ரெண்டு நம்பர் விக்கவோ?”

கோபிகாவுக்குக் காது சுட்டது. மடிக்கணினியை மேசையில் வைத்தாள். திரும்பிக் கதவின் பிடியில் கையை வைத்தபோது, கைப்பை அதிர்ந்தது.

அவள் போனை எடுத்து, ஒலியைக் கூட்டி, மேசையின் நடுவில் வைத்தாள். குரலைத் தடிப்பாக்கினாள்.

“ஹலோ.”

“வணக்கம், செல்வநாயகி அம்மா. தம்பிஐயா.”

கனகரட்ணத்தின் கை மேசையில் இருந்து எழும்பியது. “உந்தப் போனை வை,” என்றார். நீர் என்ற மரியாதை எங்கேயோ பறந்திருந்தது. “வை எண்டு சொல்லுறன்.”

கோபிகா அவரைப் பார்த்தாள். பிறகு ஜெயரூபனைப் பார்த்தாள். ஜெயரூபனின் முகத்தில் வேடிக்கை பார்க்கிறவனின் ஆவலைத் தவிர வேறொன்றும் இல்லை. இவ்வளவு நாளும் அவள் பிழையான முதுகைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“அவர் பக்கத்திலை நிக்கிறார்,” என்றாள் போனுக்கு. “அவருக்குச் சொல்லுங்கோ.”

கனகரட்ணம் மேசைக்கு மேலால் எட்டினார். அவர் விரல் படுமுன் அவள் போனைத் தூக்கித் திரைக்குக் கிட்டப் பிடித்தாள். றஞ்சித் லண்டனுக்குப் போய் இருபது வருடம். என்றாலும் கேட்கவேண்டியது தானாக அவன் வாயில் வந்தது.

“ஆர் சொல்லி எடுக்கிறியள்?”

“வணக்கம், ஐயா. எங்கடை கனகரட்ணம் அண்ணைதான். உரும்பிராயிலை பொருத்தம் பாக்கிற கந்தோர் வைச்சிருக்கிறாரே, அவர். வேறை ஆரும் எண்டால் நான் பேர் சொல்லமாட்டன், அவரெண்டபடியால் சொல்லுறன். அவரின்ரை தளத்துக்குள்ளாலை போனால் ஒரு லண்டன் விசரனுக்கும் பங்கு அளக்கவேணும். எங்களோடை நேரை முடிச்சால் உங்களுக்கும் சுகம், அவருக்கும் சுகம்.”

றஞ்சித் கமராவுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தான்.

“நான்தான் அந்த லண்டன் விசரன்,” என்றான் றஞ்சித்.

தம்பிஐயாவின் போன் அணைந்த விதத்தைப் பார்த்தால், அதைக் கிணற்றுக்குள் போட்டிருப்பான் போலிருந்தது.

“சோடிச்ச கதை,” என்றார் கனகரட்ணம். நெற்றி நனைந்திருந்தது. “உவள் ஆரையோ பிடிச்சுக் கதைக்க வைச்சிருக்கிறாள். பக்கம் எண்டாளே, அதை உவள்தான் செய்திருப்பாள். எனக்கு ஒரு கடிதம் அடிக்கவே வராது, நானோ பக்கம் செய்யிறது?”

“பக்கம் நான் செய்தது, சேர்,” என்றான் ஜெயரூபன்.

எல்லாரும் திரும்பினார்கள். அவன் அலுமாரியை விட்டு அசையவில்லை. “நீங்கள்தானே போன வருசம் கேட்டனீங்கள்? பேர், ஊர், நம்பர், மூண்டும் ஒரு இடத்திலை, எனக்கு மட்டும் எண்டு. றஞ்சித் அண்ணைக்குத் தெரியும் எண்டுதான் சொன்னனீங்கள். முதலாளி கேட்டால் நான் மாட்டன் எண்டு சொல்லுறதே? பொலிசுக்குப் போறதெண்டால் சொல்லுங்கோ, நானும் வாறன். என்னட்டைக் கேட்டதை அங்கையும் சொல்லுவன்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?” கோபிகாவின் குரல் கீறியது. “இந்த ரெண்டு நாளும் நான்…”

“நீர்தானே இனி என்னட்டை வராதேங்கோ எண்டு சொன்னனீர். நான் வரேல்லை.”

கோபிகா போனைக் கைப்பைக்குள் போட்டாள்.

கனகரட்ணம் இருந்த இடத்திலேயே சின்னவரானார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, வேறு குரலில் தொடங்கினார். “றஞ்சித், தம்பி, நாங்கள் சொந்தக்காரர். இதை நாங்கள் ரெண்டு பேரும் ஆறுதலா…”

“சாவியளை மேசையிலை வையுங்கோ, கனகரண்ணை. மிச்சத்தை என்ரை சட்டத்தரணி கதைப்பார்.” றஞ்சித் அவளிடம் திரும்பினான். முகத்தில் நன்றி என்ற ஒன்றின் நிழல்கூட இல்லை. “நீரும் பெரிசா நிமிராதையும். அவர் களவெடுத்தார். கதவைத் திறந்து வைச்சது ஆர்?”

“நான்தான்.”

“ஏன்?”

“கோவத்திலை.”

“நல்ல காரணம்.”

அவள் மேசையில் வைத்த மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். இரண்டு பீன்களும் திரையில் நின்றன. புதியதின் தலையில் இருந்த குடும்பம் என்ற பெயரை அழித்தாள். நட்சத்திரத்துக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று முன்பு சின்னச் சின்னதாக எழுதி வைத்திருந்தவற்றுக்கு மட்டும் பெயர் கொடுத்தாள். இலக்கத்தைத் தாங்கியது பெயரில்லாமல் உள்ளே போனது. தளத்தை மறுபடி ஏற்றினாள்.

“அந்தப் பக்கத்தைத் திறவுங்கோ, அண்ணை.”

ஜெயரூபன் தன் போனில் முகவரியைத் தட்டினான். கொஞ்ச நேரம் பார்த்தான். “மூண்டு வரிசையும் வெறுமை,” என்றான். “மற்றப் பக்கங்களும் பாதி உடைஞ்சு போச்சு. இனி எல்லாத்தையும் நான் திருப்பி எழுதவேணும்.”

“எழுதுங்கோ.”

“திங்களுக்கிடையிலை முடியுங்கோ,” என்றான் றஞ்சித். “இன்னொரு தாய் எனக்கு எடுத்து ஏசினால், ரெண்டு பேரும் வீட்டை போகலாம்.” திரை கறுத்தது.

கனகரட்ணம் எழும்பினார். சட்டைப் பையில் இருந்து சாவிக்கொத்தை எடுத்து, வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். கோபிகா கதிரையில் கிடந்த மழைக்கோட்டைத் தூக்கி அவரிடம் நீட்டினாள். வேறு வழியில்லாமல் அவர் அதை வாங்க, சாவி மேசையில் விழுந்தது.

“உன்னைப் பாத்துக்கொள்ளுறன்,” என்றார்.

“கதவைச் சாத்திப்போட்டுப் போங்கோ, சேர்.”

அவர் சாத்தவில்லை. படியில் காலடி இறங்கிப் போவது கேட்டது. கோபிகா அந்தக் கதிரையில் இருந்தாள். கோட்டின் ஈரம் இன்னும் காயவில்லை. கணினியை மடியில் வைத்துக்கொண்டு ஜெயரூபனைப் பார்த்தாள்.

“முதல் பக்கத்துக்கு என்ன வேணும்? ஒவ்வொண்டாச் சொல்லுங்கோ.”

“இப்பவோ? எனக்குப் பசிக்குது.”

“இப்ப.”

அவன் பெருமூச்சு விட்டு, அலுமாரியடியில் இருந்து ஒரு முக்காலியை இழுத்து வந்து போட்டான். “நட்சத்திரம்,” என்றான் எரிச்சலோடு.